எஞ்சின் விளக்கும் எண்ணூறு ரூபாய்க் கருவியும்

காலையில் சாவியைத் திருப்பியவுடன் டேஷ்போர்டில் எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக அணைந்துபோக, எஞ்சினின் உருவம் எழுதிய மஞ்சள் விளக்கு ஒன்று மாத்திரம் அணையாமல் நின்றுவிடுமானால், வண்டிக்காரர்களில் பெரும்பாலோர் இரண்டு வழிகளில் ஒன்றைப் பின்பற்றுகிறார்கள். வண்டிதான் ஓடுகிறதே என்று அவ்விளக்கோடு சமாதானம் செய்துகொண்டு மாதக்கணக்கில் ஓட்டுவோர் ஒரு சாரார். அன்றைக்கே ஒர்க்ஷாப்பில் கொண்டுபோய் விட்டு, மாலையில் நீட்டப்படும் பில்லில் கண்ட சாமான்களின் பெயரை வாய்விட்டுப் படிக்கவும் தெரியாமல் பணத்தைக் கட்டிவிட்டு வருவோர் மற்றொரு சாரார். வீட்டு வாசலிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்து, விளக்கு எதற்காக எரிகிறதென்று விசாரித்துத் தெரிந்துகொள்ளும் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதற்கு வேண்டிய உபகரணம், ஒரு குடும்பம் ஒருவேளை ஓட்டலில் சாப்பிடும் செலவுக்குள் கிடைக்கிறது.

அந்த விளக்கு யாருக்காக எரிகிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. அது வண்டிக்காரருடைய சௌகரியத்துக்காகப் பிறந்ததன்று. ஊராருடைய சுவாசத்துக்காகப் பிறந்தது. புகைமூட்டத்தால் அவதியுற்ற கலிபோர்னியா மாகாணத்தின் காற்று வள வாரியத்தார், புகையைக் கட்டுப்படுத்தும் பாகங்களை வண்டி தானே கண்காணித்து, பழுது கண்டால் விளக்கேற்றிச் சொல்லவேண்டுமென்று 1988-ஆம் வருஷத்து மாடல்களிலிருந்து விதித்தார்கள். கம்பெனிக்கு ஒரு சாக்கெட், கம்பெனிக்கு ஒரு பாஷை என்றிருந்த அக்காலத்துக் குழப்பம், 1996-ஆம் வருஷத்து மாடல்களிலிருந்து அமெரிக்கா முழுவதற்கும் ஓபிடி-2 என்ற ஒரே முறை கட்டாயமானதோடு தீர்ந்தது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இலும், இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின்கீழ் 2010 ஏப்ரலில் முதற்படியாகவும் 2013 ஏப்ரலில் அடுத்த படியாகவும் அம்முறை வந்து சேர்ந்தது. ஆகையால் 2013-க்குப் பிற்பட்ட கார் வைத்திருப்பவர் இவ்வத்தியாயத்தைத் தைரியமாகப் படிக்கலாம். கார்புரேட்டர் வைத்த பழைய அம்பாசடரை இன்னும் பிரியமாய்ப் போற்றிவருபவருக்கு, ஸ்குரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து டாப்பெட் சத்தம் கேட்கும் முதிய மெக்கானிக்கே இன்றும் கதி. புகையைக் காவல்காக்கப் பிறந்த விளக்காகையால், பிரேக் லைனிங் தேய்ந்ததையோ, கிளச் வழுக்குவதையோ, வீல் பேரிங் ஊளையிடுவதையோ அது அறியாது. விளக்கு எரியாத வண்டியெல்லாம் நல்ல வண்டியென்று நம்பிப் பழைய கார் வாங்கி நஷ்டப்பட்டவர்களை நான் அறிவேன்.

கருவியைப் பற்றிச் சில வார்த்தை. கடையில் இரண்டு தினுசு கிடைக்கும்: சிறு திரையும் வயரும் கொண்ட கைக்கருவி ஒன்று; தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிதாக, சாக்கெட்டில் செருகிவிட்டால் ப்ளூடூத் மூலமாகக் கைபேசியோடு பேசும் டாங்கிள் மற்றொன்று. இரண்டாவது மலிவு, இருந்தாலும் அதன் வம்சாவளியைத் தெரிந்துகொண்டு வாங்கவேண்டும். கனடாவைச் சேர்ந்த எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற சிறு நிறுவனம் எல்ம் 327 என்ற சில்லைச் செய்து விற்றது. அதன் முதற்பதிப்பில் நகலெடுப்பதைத் தடுக்கும் ஏற்பாடு இல்லாமையால், அதைப் பார்த்துச் செய்த போலிகள் உலகச் சந்தையை நிறைத்துவிட்டன. மேலுறையில் 1.5 என்று பெருமையாக அச்சிட்டிருக்கும் டாங்கிளை நீங்கள் கண்டிருக்கலாம்; எல்ம் நிறுவனத்தார் 1.5 என்று ஒரு பதிப்பை வெளியிட்டதே கிடையாது. போலியாயினும் பிழைக்குறியைப் படிக்கும் சாதாரணக் காரியத்தைப் பெரும்பாலும் ஒழுங்காகவே செய்யும். சில வண்டிகளோடு மட்டும் பேச மறுக்கும். எனவே, திருப்பிக் கொடுக்கும் வசதியுள்ள இடத்தில் வாங்கி, வாங்கிய அன்றே உங்கள் வண்டியில் செருகிப் பார்த்துவிடுங்கள். ஐபோன் வைத்திருப்போர் பழைய ப்ளூடூத் டாங்கிளை வாங்கி ஏமாறவேண்டாம். வைஃபை அல்லது ப்ளூடூத் எல்ஈ என்று எழுதியதையே கேட்டு வாங்கவேண்டும்.

சாக்கெட், ஸ்டியரிங்கிலிருந்து இரண்டடிக்குள், டிரைவரின் முழங்காலுக்கு மேலே இருக்கும். மேல்பக்கம் அகன்று கீழ்ப்பக்கம் குறுகிய வடிவில், 16 துளைகளோடு காணப்படும். எஞ்சினை நிறுத்திய நிலையில் டாங்கிளைச் செருகி, பிறகு சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, கைபேசியில் இணைப்பு எண் கேட்டால் 1234 அல்லது 0000 என்று கொடுத்து, டார்க், கார் ஸ்கேனர் முதலிய செயலிகளில் ஒன்றைத் திறந்தால் போதும். டாங்கிளில் விளக்கே எரியவில்லையெனில் டாங்கிளைச் சபிப்பதற்கு முன், சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் பியூஸைப் பாருங்கள்; பல வண்டிகளில் இரண்டுக்கும் ஒரே பியூஸ்தான், கைபேசி சார்ஜர் ஒன்று அதை என்றைக்கோ அடித்துவிட்டிருக்கும்.

இப்பொழுது திரையில் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் தோன்றும். மெக்கானிக்குகள் எரர் கோட் என்பார்கள். நாம் பிழைக்குறி என்போம். முதலெழுத்து, வண்டியின் எந்தப் பகுதியென்பதைச் சொல்வது: எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்த பவர்டிரெயின், பாடி, சேஸிஸ், கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் நெட்வொர்க் என நான்கு. தமிழில் எழுதும்போது பவர்டிரெயினின் பி-யும் பாடியின் பி-யும் ஒன்றாகிவிடுகின்றன. இந்நூலில் பி என்று வருமிடமெல்லாம் முன்னதையே குறிக்கும். அடுத்த இலக்கம் 0 ஆயின் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான குறி. 1 ஆயின் அந்தக் கம்பெனிக்கே உரிய பிரத்யேகக் குறி, அதன் அர்த்தத்தை வண்டியின் பெயரோடு சேர்த்துத்தான் தேடவேண்டும். அதற்கடுத்த இலக்கம் துறையைச் சொல்லும்: 1-உம் 2-உம் காற்றும் பெட்ரோலும், 3 தீப்பொறி, 4 புகைக் கட்டுப்பாடு, 7 கியர்பாக்ஸ். பி0302 என்றால், பொதுக்குறி, தீப்பொறித் துறை, இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று பஞ்சாங்கம் பார்ப்பதுபோல் படித்துவிடலாம்.

படித்துவிடலாம் என்பதிலேதான் அபாயமும் இருக்கிறது. பிழைக்குறி என்பது தீர்ப்பன்று, புகார். ஆக்ஸிஜன் சென்சார் வந்து, புகையில் ஆக்ஸிஜன் மிகுதியாயிருக்கிறது, பெட்ரோல் போதவில்லை என்று முறையிட்டால், அம்முறையீட்டை ஈசிஎம் என்னும் கம்ப்யூட்டர் பி0171 என்று எழுதிக்கொள்கிறது. அதைக் கண்ட மெக்கானிக், "சார், ஆக்ஸிஜன் சென்சார் போயிடுச்சு, மாத்திடலாம்" என்கிறார். சில ஆயிரம் ரூபாய் செலவாகிப் புதுச் சென்சார் வந்து உட்காருகிறது. ஒரு வாரத்தில் அந்தப் புதுச் சென்சாரும் அதே முறையீட்டைச் செய்கிறது. வீட்டில் திருட்டுப்போயிற்றென்று ஸ்டேஷனுக்கு வந்து சொன்னவனையே பிடித்து லாக்கப்பில் அடைக்கும் நியாயம் இது. வீட்டிலே சோதிப்பவரும் இதே பிழையை, இன்னும் வேகமாக, கைபேசியிலேயே சாமானை ஆர்டர் செய்து முடித்துவிடுகிறார்.

புகாரின் பின்னே சென்று குற்றவாளியைக் காண்பதற்கு, அந்த எண்ணூறு ரூபாய்க் கருவி பிழைக்குறியைவிட மேலான ஒன்றைத் தருகிறது. அதற்கு லைவ் டேட்டா என்று பெயர்; ஓடும் எஞ்சினின் அளவுகள் கணத்துக்குக் கணம் திரையில் மாறிக்கொண்டிருக்கும். அவற்றுள் முதன்மையானது பியூல் டிரிம். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு எடைக் காற்று என்ற விகிதத்தைக் காப்பதற்காக, ஈசிஎம் தன் கணக்குக்குமேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதே டிரிம். ஷார்ட் டேர்ம் என்பது இந்தக் கணத்துத் திருத்தம். லாங் டேர்ம் என்பது பல நாள் அனுபவத்தால் படிந்துபோன திருத்தம். இரண்டையும் கூட்டி 10 சதவீதத்துக்குள் மேலோ கீழோ நின்றால் கவலையில்லை. பெட்ரோல் பங்குகளில் இப்பொழுது கிடைக்கும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அவ்விகிதம் ஏறத்தாழ 13.5 ஆக இறங்குவதால், பழைய வண்டிகளில் டிரிம் சில சதவீதம் கூட்டல் பக்கம் சாய்ந்திருப்பதை வியாதியென்று எண்ணிவிடக் கூடாது.

இனி, பி0171 வந்த வண்டியில், எஞ்சின் சூடான பின் ஐடிலில் நிற்கும்போது டிரிம்களின் கூட்டுத்தொகை +22 என்று காட்டுகிறதென்றும், ஆக்ஸிலேட்டரை மெதுவாக மிதித்து 2500 சுற்றில் நிறுத்தினால் +4-க்கு இறங்குகிறதென்றும் வைத்துக்கொள்வோம். ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்றே சொற்பமாகையால், எங்கோ ஒரு விரிசல் வழியே திருட்டுத்தனமாகப் புகும் காற்று அப்போது பெரும் பங்காகிறது. வேகம் கூடி நிறையக் காற்று உள்ளே போகும்போது அதே கசிவு அற்பமாகிவிடுகிறது. எனவே குற்றவாளி, வெடித்துப்போன வாக்குவம் ஓஸ் அல்லது இன்டேக் கேஸ்கெட். மாறாக, ஐடிலில் ஒழுங்காயிருந்து மேடேறும்போதும் வேகமெடுக்கும்போதும் டிரிம் ஏறினால், பெட்ரோல் போதிய அளவு வந்துசேரவில்லை: பில்டர், பம்ப், இன்ஜெக்டர் என்று அந்தப் பக்கம் தேடவேண்டும்.

இந்தச் சூட்சுமம் மாஃப் என்னும் காற்றளக்கும் சென்சார் வைத்த வண்டிகளுக்கே முழுமையாகப் பொருந்தும். நம் ஊரில் ஓடும் சிறு கார்கள் பலவற்றில் அதற்குப் பதிலாக, மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரே இருக்கிறது. அவற்றில் கசிவின் வழியே புகுந்த காற்றும் அழுத்தக் கணக்கில் சேர்ந்து, அதற்கேற்ற பெட்ரோலும் ஊற்றப்பட்டுவிடுவதால், டிரிம் அதிகம் பேசாது, ஐடில் சுற்றுதான் காரணமின்றி ஏறி நிற்கும். உங்கள் வண்டி எந்த ஜாதியென்பதை லைவ் டேட்டாப் பட்டியலே சொல்லும்: விநாடிக்கு இத்தனை கிராம் என்ற அளவு வந்தால் மாஃப், அது இல்லாமல் கிலோபாஸ்கல் மட்டும் வந்தால் மேப். கசிவைக் கண்டுபிடிக்கக் கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சும் வழக்கம் ஒர்க்ஷாப்புகளில் உண்டு. சூடான எஞ்சின்மேல் தீப்பிடிக்கும் திரவத்தைப் பீய்ச்சுவதை வீட்டு வாசலில் நான் அநுமதியேன். ஒரு முழ ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மறுநுனியை, சுழலும் பெல்ட்டிலும் ஃபேனிலும் படாதபடி, ஓஸ்களின் ஓரமாக நகர்த்திச் செல்லுங்கள். கசியும் இடத்தில் பாம்பு சீறுவதுபோல் கேட்கும்.

என் சொந்த அனுபவம் ஒன்று. கத்திரி வெயில் கொளுத்திய ஒரு மே மாதத்து நண்பகலில் விளக்கு எரிந்தது. பி0113 என்று வந்தது. இன்டேக் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் சர்க்யூட்டில் அளவு உயர்ந்துவிட்டது என்று செயலி அர்த்தம் சொல்லிற்று. உயர்ந்துவிட்டது என்ற சொல்லைக் கண்டு, இந்த வெயிலுக்கு உயராமல் என்ன செய்யும் என்று நானும் முதலில் ஏமாந்தேன். லைவ் டேட்டாவைத் திறந்தால், நெற்றி வேர்வை திரையில் சொட்டும் அந்த வேளையில், காற்றின் வெப்பம் −40 டிகிரி என்று நின்றது. உயர்ந்தது வெப்பமன்று, வோல்டேஜ். அந்தச் சென்சாரில் குளிர் கூடக்கூட மின்தடை கூடும். வயரே அறுந்துவிட்டால் தடை எல்லையற்றதாகி, ஈசிஎம் அதைத் தன் அட்டவணையின் அடிமட்டக் குளிரென்று எடுத்துக்கொள்ளும். ஆக, போனது சென்சாரா, வயரா என்பதுதான் கேள்வி. ஏர் பில்டர் பெட்டியில் செருகியிருந்த அந்த இரண்டு வயர் கனெக்டரைக் கழற்றி, வயர்ப் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தேன். வயர் நன்றாயிருந்தால் எண் ஒரே தாவாகக் கொதிநிலைக்கு மேல் போயிருக்கவேண்டும்; அசையவில்லை. எனவே சென்சார் நிரபராதி. வயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். ஏர் பில்டருக்கு அடியில், செம்புக் கம்பி பளபளக்க, இரண்டு பற்களின் தடம் அருகருகே தெரிந்தது. எலி.

அறுந்த இடத்தை நறுக்கி, முறுக்கி, ஈயம் பற்றவைத்து, சுருங்கும் உறை மாட்டியதோடு காரியம் முடிந்தது. செலவு இருபது ரூபாய்க்குமேல் ஆகவில்லை. பானெட்டுக்குள் புகையிலைக் கட்டு வைத்தால் எலி வராதென்பது பலருடைய அபிப்பிராயம். என் எலி அதற்கெல்லாம் அசையக்கூடிய பிறவியன்று. கம்பியால் இணைத்துப் பார்க்கும் இந்த யுக்தி இரண்டே வயர் கொண்ட வெப்பச் சென்சாருக்கு மட்டும் உரியது. மூன்று, நான்கு வயர் கொண்ட கனெக்டரில் இதைச் செய்யப்போனால் ஈசிஎம்மையே எரித்துவிட நேரும். சில வண்டிகள் இத்தகைய வேளையில் தாமே ஊகித்த ஒரு வெப்பத்தைத் திரையில் காட்டி மழுப்புவதும் உண்டு.

மிஸ்ஸிங் புகார்களுக்கு இதைவிட எளிய பரீட்சை இருக்கிறது. பி0302 வந்தது; ஒவ்வொரு பிளக்குக்கும் தலைமேல் தனித்தனிக் காயில் வைத்த எஞ்சின். எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டுங்கள், மூன்றாவதினதை இரண்டாவதில் மாட்டுங்கள். பெரும்பாலும் டைமிங் செயின் இருக்கும் பக்கமே முதல் சிலிண்டர். கனெக்டரின் பிளாஸ்டிக் நாக்கு பழைய வண்டிகளில் அப்பளமாய் நொறுங்கும், கவனம். பிழைக்குறியை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்: இப்பொழுது பி0303 வந்தால் வியாதி காயிலோடு இடம் மாறிவிட்டது, காயிலை வாங்கலாம், பழையபடி பி0302 ஆகவே நின்றால் அடுத்து பிளக்கை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்று காரியம் மெக்கானிக்கின் கைக்குப் போகிறது. வாட்டர் சர்வீஸுக்கு விட்டு வாங்கிய மறுநாளே மிஸ்ஸிங் வந்ததானால், எதையும் வாங்கவேண்டாம்; காயிலைத் தூக்கி, பிளக் குழியில் தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனால் மஞ்சள் விளக்கு எரிந்து நிற்காமல் விட்டுவிட்டு மின்னுமானால், வண்டியை ஓரங்கட்டி நிறுத்துவதைத் தவிர வேறு யோசனை கூடாது: எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள காட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதன் உள்கூட்டை உருக்கிவிடும். அதன் விலை காயிலின் விலையைப்போல் பல மடங்கு.

அந்தக் கன்வெர்ட்டரைப் பற்றியே பி0420 என்ற புகார் வருவதுண்டு. அதை மாற்றச் சொல்லும் முன், அதன் பின்புற ஆக்ஸிஜன் சென்சாரின் வோல்டேஜைப் பாருங்கள், சுமார் 0.6, 0.7 என்று அசையாமல் நின்றால் கன்வெர்ட்டர் இன்னும் வேலைசெய்கிறது, சைலன்சர் இணைப்பில் புகை கசிகிறதா என்று தேடவேண்டும். முன்புறச் சென்சாரைப்போலவே 0.1-க்கும் 0.9-க்கும் இடையில் ஊசலாடினால் கன்வெர்ட்டரின் ஆயுள் முடிந்ததென்று கொள்ளலாம்.

ஒரே நாளில் சம்பந்தமில்லாத ஏழெட்டுக் குறிகள் வந்து குவிந்தால் ஒவ்வொன்றாகத் துரத்தாமல் முதலில் பாட்டரியைச் சந்தேகிக்கவேண்டும். வோல்டேஜையும் இக்கருவியே காட்டும்: இரவு முழுதும் நின்ற வண்டியில் 12.6 இருந்தால் நிறைந்த பாட்டரி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது. ஸ்டார்ட் செய்யும் கணத்தில் 9.6-க்குக் கீழே விழுந்தால் பாட்டரிக்கு வயதாகிவிட்டது.

பிழைக்குறியை அழிக்கும் பொத்தானில் விரல் வைப்பதற்கு முன்னால், ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறியையும், தேதியையும், கிலோமீட்டரையும், ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பகுதியில் உள்ள எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். குறி பதிவான கணத்தில் வண்டி என்ன வேகத்தில், என்ன சுற்றில், கூலண்ட் எத்தனை டிகிரியில் இருந்ததென்பதை ஈசிஎம் போட்டோ எடுத்ததுபோல் வைத்திருக்கும். அழித்தால் அதுவும் கூடவே போய்விடும். கூலண்ட் 31 டிகிரி, வேகம் பூஜ்யம் என்றிருந்தால், காலையில் முதல் ஸ்டார்ட்டில் வரும் நோய் அது. மத்தியானம் சூடாக வண்டியைக் கொண்டுபோய் மெக்கானிக்கிடம் காட்டினால் அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அந்த நோட்டோடு போனால், "ராத்திரி வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்க சார், காலைல நானே ஸ்டார்ட் பண்ணிப் பாக்குறேன்" என்று அவரே சொல்வார். காரணத்தைத் தீர்க்காமல் குறியை மட்டும் அழிப்பவர்களுக்கு, விளக்கு இரண்டு மூன்று நாளில் திரும்பவும் எரியும். அதற்குள் தடயம்தான் அழிந்திருக்கும்.

ஏர்பேக், ஏபிஎஸ் ஆகியவற்றின் விளக்குகளை இக்கருவி பெரும்பாலும் படிக்காது. படித்தாலும் ஏர்பேக் வயரில் வீட்டிலே கைவைக்கலாகாது. ஹைபிரிட் வண்டிகளில் ஆரஞ்சு நிற உறை போட்ட வயர்களும் அவ்வாறே. ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறுமுன் திறக்காதீர்கள் என்று எழுதுவது வாசகரை அவமதிப்பதாகும். ஆயினும் ஆண்டுதோறும் யாராவது திறந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

வேலை முடிந்ததும் டாங்கிளைப் பிடுங்கி டிராயரில் போட்டுவிடுங்கள். அந்தச் சாக்கெட்டின் 16-ஆவது துளைக்கு, சாவியை எடுத்த பிறகும், பாட்டரியிலிருந்து மின்சாரம் வந்துகொண்டேயிருக்கும். 40 மில்லி ஆம்பியர் குடிக்கும் டாங்கிள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 ஆம்பியர்-மணியைத் தின்றுவிடும். சிறு கார் பாட்டரியின் கொள்ளளவோ 35 அளவில்தான். இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது, குடும்பத்தோடு ஊருக்குப் போய் இருபது நாள் கழித்துத் திரும்பி, சாவியைத் திருப்பினால் டக்டக் என்ற சத்தத்துக்கு மேல் ஒன்றும் கேளாமல், ஸ்டியரிங்குக்கு அடியில் டாங்கிளின் சிவப்பு விளக்கு மட்டும் மங்கலாக எரிந்துகொண்டிருந்ததைக் கண்ட பிறகுதான்.